மஸ்கட்டிலிருந்து ஒருவர்

நமது தந்தையார் ஊர்ப் படிப்பகத்தைப் பதினெட்டு ஆண்டுகள் நடத்தினார். மாலை ஐந்து மணிக்குத் திறப்பார். எட்டு மணிக்குப் பூட்டுவார். வாசலருகே ஒரு மேசை, மேசைமேல் ஒரு நீள நோட்டு, நோட்டோடு நூலில் கட்டிய ஒரு பென்சில். வருகிறவர் தம் பெயரைத் தாமே எழுதவேண்டும். எழுதத் தெரியாதவர் ஒரு கோடு இழுத்தாலும் போதும். மாத முடிவில் பெயர்களையும் கோடுகளையும் கூட்டி அடியில் ஒரு தொகை எழுதுவார். யார் எதைப் படித்தார் என்று ஒருநாளும் அவர் குறித்ததில்லை. எழுத்தறியாதவருக்குப் படிப்பகத்தில் என்ன வேலை என்று கேட்டவர்களிடம், “மற்றவர் வாசிப்பதைக் கேட்க வருகிறார்” என்பார்.

தூத்துக்குடிக்குத் தெற்கே கிழக்குக் கடலைப் பார்த்திருக்கும் ஓர் ஊர். அங்கே அவர் தொடக்கப்பள்ளி ஆசிரியர். கடலுக்குப் போகிறவர்களின் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்து, அப்பிள்ளைகளின் தகப்பன்மாரிடமிருந்து கடற்சொற்களைக் கேட்டு எழுதிக்கொண்டார். படகின் முன்பகுதிக்கு அணியம். பாய் கட்டும் குறுக்குமரத்துக்குப் பருமல். பாயை ஏற்றும் கயிற்றுக்கு ஆஞ்சான். அன்றைக்குக் கிடைத்த மீனுக்குப் பாடு. இவ்வாறு பதினொரு பள்ளி நோட்டுகள் நிறைந்தன. 2009ஆம் ஆண்டு அவர் மறைந்தார். அவர் கட்டிய வீட்டை விற்பதே சரி என்றோம் நாம். கூடாது என்றான் தம்பி. மூத்தவன் சொல் வென்றது. 2011இல் வீடு கைமாறிற்று. அதே ஆண்டு தம்பி ஓமன் நாட்டுக்குப் போனான்; அங்கே சோகார் துறைமுகத்தில் வேலை. அதன்பின் நாங்கள் இருவரும் கல்யாண வீடுகளிலும் துட்டி வீடுகளிலும் பார்த்துக்கொண்டதோடு சரி. பார்த்தபோதும் பயணத்தைப் பற்றியும் வெயிலைப் பற்றியும்தான் பேச்சு.

பெருந்தொற்றால் வீடடங்கியிருந்த 2021இல் நோட்டுகளை எடுத்துத் தட்டெழுதத் தொடங்கினோம். அவற்றுக்கென ஓர் இணையதளம் அமைத்தோம். தளம் என்றால் நமக்கென ஒரு சர்வர் வாங்கி அமைத்ததன்று. ஆண்டுதோறும் ஒரு தொகை பெற்றுக்கொண்டு, இடமும் கொடுத்துப் பக்கங்களின் அமைப்பையும் கொடுக்கும் ஒரு நிறுவனத்தில் குடியேறினோம். வாடகை வீட்டுக்காரனின் வசதியும் வரம்பும் நமக்கு உண்டு. கூரை ஒழுகினால் வீட்டுக்காரர் பார்ப்பார். ஆனால் சுவரில் நம் விருப்பப்படி ஆணி அடிக்க இயலாது.

மூன்றாண்டுகள் எழுதினோம். யாரேனும் படிக்கிறார்களா என்பதே தெரியாது. எழுதுகிறவனுக்கு இது சிறிய குறையன்று. யாரும் வராவிட்டாலும் எழுதுவோம் என்று சொல்லிக்கொள்வோர் உண்டு; நாம் அந்தப் பக்குவத்தை எட்டியவரல்லர். 2024ஆம் ஆண்டு சனவரியில், பொறியியல் படிக்கும் பேரன், நம் மகளின் மகன், விடுமுறைக்கு வந்திருந்தான். அவனிடம் மனக்குறையைச் சொன்னோம்.

“அது அரைமணி நேர வேலை, தாத்தா” என்றான்.

அவன் விளக்கியதைச் சுருக்கமாகச் சொல்கிறோம். ஒரு பக்கத்தைத் திறக்கும் ஒவ்வொரு முறையும், திறக்கும் கருவி தன் ஐ.பி. எண்ணைச் சொல்லித்தான் பக்கத்தைக் கேட்கிறது. சொந்த சர்வர் வைத்திருப்போருக்கு, வந்த எண், வந்த நேரம், கேட்ட பக்கம் அனைத்தும் வரிவரியாகப் பதிவேட்டில் விழும். அதைப் படித்துக் கணக்கெடுக்கும் நிரல்கள் 1990களிலேயே வந்துவிட்டன. அக்காலப் பக்கங்களின் அடியில், வாடகைக் காரின் மீட்டர்போல் உருளும் எண் ஒன்று இருந்ததை வாசகர் சிலர் நினைவுகூரக்கூடும். வாடகை வீட்டில் இருப்போருக்கு அந்தப் பதிவேடு கிடைப்பதில்லை. அவர்கள் தம் பக்கத்தினுள் வேறொருவருடைய சிறு நிரலை வைக்கவேண்டும். பக்கம் திறக்கப்படும்போதெல்லாம் அந்நிரல், தன்னை எழுதிய நிறுவனத்துக்குச் செய்தி அனுப்பும். கூகுள் நிறுவனம் 2005இல் அர்ச்சின் என்ற கணக்கெடுப்பு நிறுவனத்தை வாங்கி, அதே ஆண்டு நவம்பரில் கூகுள் அனலிட்டிக்ஸ் என்ற பெயரில் அதை இலவசமாக்கிற்று. சிறிய தளக்காரர்கள் பெரும்பாலும் அந்த வாசலில்தான் போய் நிற்கிறார்கள். நாமும் நின்றோம்.

பேரன் கணக்குத் திறந்தான். தளத்தின் முகவரியைக் கொடுத்தான். ‘ஜி’ என்ற ஆங்கில எழுத்தும் ஒரு சிறு கோடும் முன்னே நிற்கும் அளவீட்டு எண் ஒன்று கிடைத்தது. நம் தளத்தின் அமைப்புகளில் அதற்கென்றே ஒரு பெட்டி இருந்தது. அதில் எண்ணை ஒட்டிச் சேமித்தான். அவ்வளவுதான். “இப்ப பாருங்க” என்று உடனடி வருகைப் பக்கத்தைத் திறந்தான். கடந்த முப்பது நிமிடங்களில் வந்தவர்கள்: 1. நம் நெஞ்சு குதித்தது. அந்த ஒருவர் நாமே என்று சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னான்.

நம்மை நாமே எண்ணாதிருக்க ஒரு வடிகட்டி உண்டு. வீட்டின் ஐ.பி. எண்ணைக் கொடுத்தால் அதிலிருந்து வரும் வருகைகளை ஒதுக்கிவிடும். ஆனால் அவ்வடிகட்டி முதலில் சோதனை நிலையில்தான் இருக்கும். நாமாகச் செயல்நிலைக்கு மாற்றவேண்டும். இதை அறியாமல் மூன்று வாரம் நம்மையே வாசகராக எண்ணி மகிழ்ந்திருந்தோம். மாற்றிய பின்னும், வீட்டு இணைப்பின் எண் அவ்வப்போது மாறிவிட, நாம் மீண்டும் வாசகராகிவிடுவோம். நேரத்திலும் ஒரு கோளாறு. கணக்குத் திறந்தபோது இந்திய நேரத்தைத் தேர்ந்துகொள்ள மறந்ததால் கலிபோர்னிய நேரம் நின்றுவிட்டது. மாலையில் வந்தவர்களெல்லாம் விடியற்காலையில் வந்தவர்களாய்த் தோன்றினர். ‘நம் மக்கள்தாம் எவ்வளவு சுறுசுறுப்பு!’ என்று வியந்ததும் உண்டு. இன்னொரு பக்கம், அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்து ஆஷ்பர்ன் என்ற ஊரிலிருந்து வருகைகள் வந்துகொண்டேயிருந்தன. அங்கே தமிழ்க் கடற்சொற்களில் இத்தனை ஆர்வமா என்று பேரனைக் கேட்டோம். அவ்வூர் முழுக்க பெருநிறுவனங்களின் சர்வர் கிடங்குகள் என்றும், வருவன தானியங்கி நிரல்கள் என்றும் சொன்னான். பெரும்பாலான தானியங்கிகளை அனலிட்டிக்ஸ் தானே கழித்துவிடுமாம், சில தப்பிவிடுமாம்.

இவற்றையெல்லாம் கழித்தபோது, மாதமொன்றுக்கு நாற்பதோ ஐம்பதோ பேர் எஞ்சினர். சென்னை, கொழும்பு, டொராண்டோ. அவர்களோடு, மஸ்கட்.

மஸ்கட் வரியில் பயனர் 1 என்றிருந்தது. வருகை 27 என்றிருந்தது. மாதத்தில் இருபத்தேழு முறை ஒரே கருவியிலிருந்து ஒருவர் வந்திருக்கிறார். அவர் ஒருவரே என்று எப்படித் தெரியும்? குக்கீ என்பது அதற்குத்தான். முதன்முறை வரும்போதே வருகையாளரின் கருவியில் ஒரு சிறு குறிப்பை நிரல் வைத்துவிடும். அடுத்தமுறை வந்தால் அதைப் பார்த்து அடையாளம் கண்டுகொள்ளும். 1994இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தின் லூ மொன்டுலி என்பவர் ஆக்கிய உத்தி இது. அனலிட்டிக்ஸ் வைக்கும் குறிப்பு, துடைக்காவிட்டால், இரண்டாண்டு வரை கிடக்கும். பேரன் அன்றே ஒன்று கேட்டிருந்தான்: “வர்றவங்ககிட்ட அனுமதி கேட்கிற பட்டையைப் போடவா, தாத்தா? ஐரோப்பாவுல 2018ல இருந்து சட்டமே இருக்கு. நம்ம நாட்டுலயும் 2023ல ஒரு சட்டம் போட்டிருக்காங்க.” பக்கத்தின் அழகு கெட்டுவிடும் என்று வேண்டாமென்றோம். காரணம் அதுதான், கூட்டியும் குறைத்தும் சொல்லவில்லை.

தம்பி இருப்பது சோகாரில். அட்டவணை காட்டியது மஸ்கட். இதைப் பேரனிடம் கேட்டபோது, ஊர் விவரம் ஐ.பி. எண்ணைக் கொண்டு ஊகிப்பதுதான் என்றும், இணைப்புக் கொடுக்கும் நிறுவனத்தின் கூடம் எங்கே இருக்கிறதோ அந்த ஊரையே பல நேரம் காட்டும் என்றும் சொன்னான். திருச்செந்தூரில் கைப்பேசியைத் திறப்பவர் சென்னையில் இருப்பவராய்த் தெரிவதுண்டாம். அவன் சொன்னது எச்சரிக்கை. நாம் அதை அனுமதியாக எடுத்துக்கொண்டோம். சோகார் மஸ்கட்டாகத் தெரியலாம் அல்லவா? வரும் நேரம் இந்திய நேரம் இரவு ஒன்பதரை. அங்கே எட்டு மணி. வேலை முடிந்து, குளித்து, உண்டு, ஒருவன் தனியே உட்காரும் நேரம். அதற்குமேல் நாம் ஆராயவில்லை.

பேரன் விளையாட்டாக ஓர் அட்டவணை செய்து கொடுத்திருந்தான்: எந்த ஊரார் எந்தப் பக்கத்தில் எவ்வளவு நேரம் இருந்தார் என்று அதில் தெரியும். மஸ்கட் வாசகர் ‘காற்றுகள்’ என்னும் பக்கத்தில்தான் அதிகம் தங்கினார். வாடை, கொண்டல், கச்சான், தென்றல் என்று அப்பா எழுதிய பக்கம் அது. பதினொரு நிமிடம். இரவுதோறும் ஒன்பதரைக்கு முன்னமே கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு அமரத் தொடங்கினோம். உடனடி வருகைப் பக்கத்தில் ஓமன் நாட்டின்மேல் ஒரு புள்ளி தோன்றும். வந்துவிட்டான் என்போம் மனத்துள். இல்லத்தரசி சோறு போட்டுவிட்டுக் கூப்பிட்டாலும் எழுந்திருப்பதில்லை. பதின்மூன்றாண்டு பேசாத ஒருவன் கதவுக்கு அப்பால் நிற்கிறான், அவன் நிற்பது நமக்குத் தெரியும், நமக்குத் தெரியும் என்பது அவனுக்குத் தெரியாது. அதில் ஒரு சுகம் இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை.

பின்னர் அவனுக்காகவே எழுதத் தொடங்கினோம். பருமல் என்ற சொல்லுக்குக் கீழே, ஒடிந்த பருமல் ஒன்றைக் கரையிலிருந்து இரண்டு சிறுவர்கள் வீட்டுக்கு இழுத்து வந்ததையும், அது தங்கள் கொல்லையில் கொடிக்காலாக நெடுநாள் நின்றதையும் எழுதினோம். பெயர் சொல்லவில்லை. அன்றிரவு மஸ்கட் வாசகர் அந்தப் பக்கத்தில் பதினான்கு நிமிடம் இருந்தார். பதில் வந்துவிட்டது என்றே கொண்டோம். கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியதாயிற்று. அந்த நேரக் கணக்கு என்பது, பக்கம் திரையில் முன்னால் நிற்கும் நேரம் மட்டுமே. கணினியில் பக்கத்தைத் திறந்துவைத்துவிட்டு உண்ணப் போனவரும் ஊன்றிப் படிப்பவராகவே எண்ணப்படக்கூடும். இதுவும் பேரன் முன்பே சொன்னதுதான்.

ஓராண்டுக்குமேல் இப்படிச் சென்றது. தம்பியின் தொலைபேசி எண் நம்மிடம் இருந்தது. ஒருமுறைகூட அழைக்கவில்லை. அழைக்க வேண்டிய தேவை என்ன, அதுதான் நாள்தோறும் வருகிறானே!

2025 மார்ச்சில் அத்தையின் முப்பதாம் நாள் திருப்பலிக்குத் தம்பி வந்திருந்தான். சாப்பாடு முடிந்து, பந்தலின் ஓரத்தில் நாற்காலி போட்டு அமர்ந்திருந்தான். தலை நன்றாக நரைத்திருந்தது. அருகே போய் அமர்ந்து, இத்தனை நாள் சேர்த்துவைத்திருந்த உறவோடு, நோட்டெல்லாம் படித்து வருகிறாயே, மகிழ்ச்சி என்றோம்.

“எந்த நோட்டு, அண்ணே?”

அப்பாவின் நோட்டு, இணையத்தில் போட்டிருப்பது, நீ இரவில் படிப்பது என்றோம். அவன் நம் முகத்தையே பார்த்தான். நாம் சொல்வது அவனுக்கு விளங்கவில்லை. விளங்கியபோது கேட்டது வேறு.

“நோட்டு உங்ககிட்டயா இருக்கு? வீட்டுச் சாமானோட போயிருச்சுன்னுல்ல நான் நினைச்சேன்.”

வீட்டை விற்ற நாளில், பழைய தாள்களோடு நோட்டுகளையும் எடைக்குப் போட்டுவிட்டோம் என்றே பதினான்காண்டு எண்ணியிருந்தான். அப்படி எண்ணிக்கொண்டே நம்மைக் கல்யாண வீடுகளில் கண்டு, வெயிலைப் பற்றிப் பேசியிருக்கிறான். கேட்கவில்லையே என்று அவன்மேல் குறை சொல்லலாம். ஆனால் டொராண்டோவுக்கும் கொழும்புக்கும் திறந்துவைத்ததை உடன்பிறந்தவனிடம் சொல்லாமலிருந்தவர் யார்? தளத்தின் முகவரியை ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்தோம். வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். ஒன்றும் சொல்லவில்லை. மாலையே புறப்பட்டுப் போனான்.

அன்றிரவும் ஒன்பதரைக்கு மஸ்கட்டில் புள்ளி தோன்றிற்று. தம்பியோ அப்போது மதுரை விமான நிலையத்தில் இருந்தான்.

யார் அவர்? நம் கரையிலிருந்து வளைகுடாவுக்குப் படகு வேலைக்குப் போனவர்கள் பலர், அவர்களுள் ஒருவராயிருக்கலாம். தமிழ் படிக்கும் யாரோ ஒரு பெண்மணியாய் இருக்கலாம். மஸ்கட்டிலேயே இல்லாதவராகவும் இருக்கலாம். ஊகத்தை ஊராக்குவதன் விளைவுக்கு அமெரிக்காவில் ஒரு சான்றுண்டு. அங்கே ஐ.பி. எண்களுக்கு இடம் குறித்துத் தரும் நிறுவனம் ஒன்று, அமெரிக்காவைச் சேர்ந்தது என்பதற்குமேல் எதுவும் தெரியாத எண்களுக்கெல்லாம் நாட்டின் நடுப்பகுதியில் ஒரு புள்ளியைக் குறித்துவைத்தது. அது கான்சஸ் மாநிலத்தில் போட்வின் என்ற சிற்றூருக்கருகே ஒரு பண்ணை வீட்டின்மேல் விழுந்தது. அறுபது கோடிக்கும் மேற்பட்ட எண்கள் அந்த ஒரு வீட்டின் தலையில். எங்கோ எவரோ செய்த மோசடிக்கும் களவுக்கும் காவலர்களும் கோபங்கொண்டவர்களும் ஆண்டுக்கணக்கில் அந்த வீட்டு வாசலுக்கு வந்துகொண்டிருந்தார்கள். காரணம் 2016இல்தான் வெளிப்பட்டது. அதன்பின் புள்ளியை ஓர் ஏரியின் நடுவே தள்ளிவைத்தார்கள். இதைப் படித்தபோது நமக்குச் சிரிப்பு வரவில்லை. நாமும் ஒருவர் வாசலில் ஓராண்டு போய் நின்றவர்தாமே! அந்த மஸ்கட் வாசகர், தாம் தனியே படிப்பதாக எண்ணிப் படித்தார். அவருடைய கருவியில் நம் பொருட்டு ஒரு குறிப்பு கிடந்தது. அவர் எழுந்தது, அமர்ந்தது, தங்கியது எல்லாம் இங்கே ஒரு கிழவனுக்குத் தெரிந்தது. அப்பாவின் நீள நோட்டில் இழுத்த கோடேனும் அவரவர் கையால் இழுத்தது.

பேரனை அழைத்து எடுத்துவிடச் சொன்னோம். குக்கீ இல்லாமல் எண்ணும் நிரல்கள் வேறு உண்டு. ஐரோப்பாவில் சிலர் அதற்கென்றே செய்து விற்கிறார்கள், ஒன்றைப் போடவா என்றான். இப்போதைக்கு வேண்டாம் என்றோம். கணக்கெடுப்பே தீது என்று நாம் கருதவில்லை. கடை நடத்துகிறவருக்கும், மருத்துவக் குறிப்புகள் எழுதி வெளியிடுகிறவருக்கும் எந்தப் பக்கம் பயன்படுகிறது என்று தெரியத்தான் வேண்டும். குடிகாரனுக்கு மட்டும் சாராயக் கடை அருகில் இருக்கக்கூடாது. தளத்தை இடமளித்து நடத்தும் நிறுவனமே நாளுக்கு எத்தனை முறை பக்கங்கள் திறக்கப்பட்டன என்று ஒரு மொத்தத் தொகை காட்டுகிறது. ஊரும் இல்லை, நேரமும் இல்லை. அது போதும்.

அளவீட்டு எண்ணைப் பெட்டியிலிருந்து நீக்கினான். அனலிட்டிக்ஸ் கணக்கை அழித்தான். அழித்தாலும் உடனே அழிவதில்லை. முப்பத்தைந்து நாள் குப்பைக்கூடையில் கிடக்கும், அதற்குள் மனம் மாறினால் மீட்டுக்கொள்ளலாம். இந்த முப்பத்தைந்து நாளை ஏற்படுத்தியவர் மனித மனத்தை நன்றாக அறிந்தவராயிருக்க வேண்டும். பன்னிரண்டாம் நாள் ஒருமுறை கூடையைத் திறந்து பார்த்தோம். மூடினோம். பத்தொன்பதாம் நாள் மறுபடியும் திறந்தோம்.

இருபத்திரண்டாம் நாள் இரவு தொலைபேசி ஒலித்தது. சோகாரிலிருந்து.

“கச்சானுக்கு மேற்குன்னு போட்டிருக்கீங்க, அண்ணே. தப்பு.”

நோட்டில் அப்படித்தான் இருக்கிறது என்றோம்.

“அப்பா அப்படிச் சொல்ல மாட்டாங்க. ஆனி ஆடியில கச்சான் அடிச்சா நம்ம வீட்டுல எந்தச் சன்னலை அடைப்போம்? பின்கட்டுச் சன்னலை. தேரி மண்ணு வந்து அரிசிப் பானை மூடியில உட்கார்ந்திருக்கும், அம்மா திட்டுவாங்க. அந்தச் சன்னல் எந்த மூலையில இருந்துச்சு?”

தென்மேற்கு மூலை. நமக்கு நினைவிருந்தது. நம்ம வீடு என்று அவன் சொன்னதும் காதில் விழுந்தது.

அவனைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு அலமாரியிலிருந்து ஆறாம் நோட்டை எடுத்து வந்து விளக்கடியில் பிரித்தோம். கச்சானுக்கு எதிரே மேற்கு என்றே இருந்தது. ஆனால் அச்சொல்லுக்கு முன்னே தாளைப் பூச்சி அரித்திருந்தது; இரண்டெழுத்துக்கு இடமிருந்தது. தட்டெழுதும்போது அந்த ஓட்டையை நாம் பார்க்கவேயில்லை. இதைச் சொன்னதும் மறுமுனையில் சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து அனுப்ப முடியுமா, அப்பாவின் எழுத்தைப் பார்க்கவேண்டும் என்றான்.

அன்றிரவே சொல்லைத் திருத்தினோம். மறுநாளிலிருந்து பதினொரு நோட்டுகளையும் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து அவனுக்கு அனுப்பி வருகிறோம். பூச்சி அரித்த இடங்களை அவன் நினைவிலிருந்து நிரப்பித் திருப்பி அனுப்புகிறான். சிலவற்றில் கருத்து வேறுபட்டுச் சண்டையும் இடுகிறான். நான்காம் நோட்டில் நிற்கிறோம்.